தகவல் துளி: கோட்டைக்குள் இறங்கிய பார்வை

தொடக்ககாலக் காணொளி விளையாட்டுகள் பலவற்றில் ஆட்டக்காரர் தம் பாத்திரத்தை மேலிருந்தோ பக்கவாட்டிலோ பார்த்தே இயக்கினார்; அப்பாத்திரத்தின் கண்வழியே களத்தைக் காட்டும் முறை தன்னிலைப் பார்வை எனப்படும். எதிர்மலையில் நின்று தேயிலை நிரைகளைப் பார்ப்பதற்கும் நிரைக்குள் இறங்கி நடப்பதற்கும் உள்ள வேறுபாடு இது.

அமெரிக்கரான சைலஸ் வார்னர் 1981இல் அப்பிள் 2 கணினிக்கு உருவாக்கிய 'காசில் வுல்ஃபன்ஸ்டைன்' ஆட்டத்தில், நாட்சிகளின் கோட்டையிலிருந்து போர்த் திட்டங்களைக் கைப்பற்றித் தப்ப வேண்டும். அதன் களத்தைத் தழுவி, 1992 மே மாதத்தில் 'இட் சொஃப்ட்வெயார்' நிறுவனம் தன்னிலைப் பார்வையில் உருவாக்கிய 'வுல்ஃபன்ஸ்டைன் த்ரீ-டி' ஆட்டம் வெளியானது. அக்காலக் கணினிகளின் வேகம் குறைவென்பதால், அதன் நிரலாளர் ஜோன் கார்மக் கதிர் செலுத்தல் என்னும் உத்தியைக் கையாண்டார். அதாவது, திரையின் ஒவ்வொரு செங்குத்துக் கோட்டுக்கும் கற்பனைக் கதிர் ஒன்றை அனுப்பி, அது சுவரைத் தொடும் தொலைவைக் கணித்து, அருகிலுள்ள சுவரை உயரமாகவும் தொலைவிலுள்ளதைக் குறுக்கியும் வரைவதாகும். ஆகவே அக்கோட்டையின் சுவர்கள் அனைத்தும் ஒரே உயரத்தில், செங்கோணத்தில் சந்திக்க, தரையும் மேடுபள்ளமின்றி அமைந்தது.

வீழ்ந்தவரின் உடலை இழுத்து மறைத்தல் முதலான பழைய ஆட்டத்தின் பாணியிலான நுணுக்கங்கள், வேகத்தைக் குறைத்தமையால் கைவிடப்பட்டன. பதுங்கும் ஆட்டம் பாயும் ஆட்டமாயிற்று. மாறாக, நின்டெண்டோவின் 1986ஆம் ஆண்டு 'மெட்ரொய்ட்', 2002இல் 'மெட்ரொய்ட் பிரைம்' எனத் தன்னிலைப் பார்வைக்கு மாறியபோதும், இடங்களைத் தேடி ஆராயும் தன் மூல இயல்பைத் தக்கவைத்துக்கொண்டது.