கிளிசரினும் வினையூக்கியும்

ஜொகூர் மாநிலத்தின் பத்து பஹாட் மாவட்டத்தைச் சேர்ந்த ஆயர் ஈத்தாம் ஒரு நாற்சந்தி ஊர். பத்து பஹாட்டிலிருந்து குளுவாங் நோக்கிச் செல்லும் சாலையும், வடக்கு தெற்காகச் செல்லும் பழைய நெடுஞ்சாலையும் அங்கே ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. வழிப்போக்கர்கள் அவ்வூரை மட்பாண்டங்களாலும் பீங்கான் பொருள்களாலும் அறிவர். சுற்றுப்புறத்திலோ செம்பனைத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. மண்ணைச் சுடும் தொழிலுக்கும் செம்பனை எண்ணெய்க்கும் தொடர்பு என்ன என்று கேட்கத் தோன்றும். இக்கால வேதியியல் ஆய்வு ஒன்று இவ்விரண்டையும் ஒரே குழாய்க்குள் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. எரிபொருள் ஆலையின் மிச்சப் பொருளைப் பயன்தரும் வாயுவாக மாற்றும் ஆய்வே அது.

எண்ணெயும் மிச்சமும்

மலாயாவில் வாணிக முறையில் செம்பனை முதன்முதலாக நடப்பட்டது 1917-இல், சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில். பின்னர் இரப்பர் மரங்கள் நின்ற இடங்களில் எல்லாம் செம்பனை ஏறியது. தோட்டத் தமிழர்களின் கைகளும் பால் வெட்டுவதிலிருந்து குலை வெட்டுவதற்கு மாறின. அந்த எண்ணெயிலிருந்து டீசலுக்கு மாற்றான எரிபொருள் செய்யும் ஆராய்ச்சி மலேசியாவில் 1982-இல் தொடங்கிற்று. தேசிய உயிர் எரிபொருள் கொள்கை 2006-இல் வெளியாயிற்று. டீசலில் 5 விழுக்காடு செம்பனை எரிபொருளைக் கலக்கும் திட்டம் 2011-இல் தொடங்கி, போக்குவரத்துத் துறையில் 2019-இல் 10 விழுக்காடாக உயர்ந்தது.

எண்ணெய் எவ்வாறு டீசலாகிறது? எண்ணெயின் ஒவ்வொரு மூலக்கூறிலும் கிளிசரின் என்னும் ஒரு முதுகெலும்பும், அதிற் பிணைந்த மூன்று கொழுப்பு அமிலங்களும் உண்டு. எண்ணெயோடு மெத்தனால் என்னும் சாராயத்தையும் சிறிது காரத்தையும் கலந்து சூடேற்றினால் மூன்று அமிலங்களும் கிளிசரினை விட்டு நீங்கி மெத்தனாலுடன் சேர்கின்றன. அவ்வாறு சேர்ந்த பொருளே உயிர் டீசல். நீக்கப்பட்ட கிளிசரின் அடியில் தங்குகிறது. ஏறத்தாழ 100 கிலோ டீசலுக்கு 10 கிலோ கிளிசரின் மிஞ்சும்.

கிளிசரின் இழிவான பொருளன்று. சுவீடன் நாட்டு வேதியியலார் ஷீலே 1779-இல் ஒலிவ எண்ணெயிலிருந்து அதைப் பிரித்து, அதன் இனிப்பைக் கண்டறிந்தார். மருந்து, சோப்பு, வெடிமருந்து ஆகியவற்றில் அது பயன்பட்டு வருகிறது. ஆனால் எப்பொருளும் தேவைக்கு மேல் பெருகினால் விலை இழக்கும். உயிர் டீசல் பெருகியபோது கிளிசரினும் பெருகியது. அமெரிக்காவின் டவ் நிறுவனம் டெக்ஸஸ் மாநிலத்தில் கிளிசரினைச் செயற்கையாகச் செய்துவந்த தன் ஆலையை 2006-இல் மூடிவிட்டது. எனவே, மிஞ்சும் கிளிசரினை என்ன செய்வது என்பது உயிர் டீசலின் இலாப நட்டத்தையே முடிவு செய்யும் வினாவாயிற்று.

ஒரு கணக்கு

கிளிசரினின் ஒரு மூலக்கூறில் கார்பன் அணுக்கள் 3, ஹைட்ரஜன் அணுக்கள் 8, ஆக்ஸிஜன் அணுக்கள் 3 உள்ளன. அதனோடு மூன்று நீர் மூலக்கூறுகள் வினைபுரிந்து முற்றும் சிதைந்தால், மூன்று கரியமில வாயு மூலக்கூறுகளும் ஏழு ஹைட்ரஜன் மூலக்கூறுகளும் கிடைக்கும். எடையிற் சொன்னால், 92 கிலோ கிளிசரினும் 54 கிலோ நீரும் சேர்ந்து 14 கிலோ ஹைட்ரஜனையும் 132 கிலோ கரியமில வாயுவையும் தரும். அந்த 14 கிலோவில் 8 கிலோ கிளிசரினிலிருந்து வருவது. 6 கிலோ நீரிலிருந்து வருவது. எரிந்தால் நீரை மட்டுமே தரும் ஹைட்ரஜன், உரத் தொழிலுக்கும் எண்ணெய்ச் சுத்திகரிப்புக்கும் இன்றியமையாதது. இக்கரியமில வாயுவும் செம்பனை வளர்ந்தபோது காற்றிலிருந்து பெற்றதே என்பதைக் கருத வேண்டும்.

தாளில் எளிதாகத் தோன்றும் இவ்வினை தானாக நடவாது. வெறும் வெப்பத்தால் கிளிசரினைச் சிதைத்தால் கரியும் தாரும் வேண்டாத பல பொருள்களும் பிறக்கும். இங்கேதான் வினையூக்கி வேண்டப்படுகிறது.

அவிழ்ப்பதும் ஊக்குவதும்

1835-இல் பெர்சீலியஸ் இத்தகைய பொருளின் செயலுக்குக் கிரேக்க மொழியிலிருந்து ஒரு பெயர் அமைத்தார். அதன் வேர்ப்பொருள் 'கட்டவிழ்த்தல்' என்பது. தமிழில் முன்பு 'கிரியா ஊக்கி' என்றனர். இன்று 'வினையூக்கி' என்கிறோம். ஒரு மொழி அவிழ்ப்பதைக் கண்டது. மற்றொரு மொழி ஊக்குவதைக் கண்டது. கிளிசரின் வினையில் இரண்டும் உண்மை.

பாலுக்கு உறை மோர் போன்றது வினையூக்கி என்று வகுப்பில் உவமை கூறுவதுண்டு. அது முற்றும் பொருந்தாது. உறை மோரில் உள்ள நுண்ணுயிர்கள் பாலை உண்டு பெருகுகின்றன. வினையூக்கியோ பெருகுவதுமில்லை, செலவாவதுமில்லை. திருமணத் தரகரை ஒப்பிடுவது பொருத்தமாகும். இரு வீட்டாரையும் சேர்த்து வைத்தபின் அவர் அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறார்.

கிளிசரினை வாயுவாக்கும் தரகருள் முதன்மையானது நிக்கல். பிளாட்டினம் இன்னும் திறமையாகப் பணிபுரியும். ஆனால் அதன் விலை மிகுதி. நிக்கலைத் துகள் துகளாகத் தாங்கி நிற்க ஒரு தளம் வேண்டும். பெரும்பாலும் அலுமினா என்னும் சுட்ட பீங்கானினப் பொருளே அத்தளம். கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்த அதன் ஒரு கிராமுக்குள் 100 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பரப்பு அடங்கியிருக்கும். குயவர் தொழிலுக்கும் எண்ணெய்க்கும் உள்ள தொடர்பு இதுவே: சூளையில் சுட்ட பொருளின் துளைகளுக்குள்ளே கிளிசரின் ஆவி நுழைந்து வாயுவாய் வெளிவருகிறது.

நல்ல வினையூக்கிக்கு வேகம் மட்டும் போதாது. எதை வெட்டுவது, எதை விடுவது என்னும் தெரிவும் வேண்டும். கார்பனுக்கும் கார்பனுக்கும் இடையிலான பிணைப்பை அது வெட்ட வேண்டும். கார்பனுக்கும் ஆக்ஸிஜனுக்கும் இடையிலான பிணைப்பை வெட்டலாகாது. வெட்டினால் ஹைட்ரஜன் மீத்தேனாக மாறி வீணாகும். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டுமேசிக் குழுவினர், ஏறத்தாழ 225 பாகை வெப்பத்தில் நீர்நிலையிலேயே கிளிசரினிலிருந்து ஹைட்ரஜன் பெறலாம் என்பதை 2002-இல் பிளாட்டினத்தைக் கொண்டு காட்டினர். அடுத்த ஆண்டு நிக்கலுடன் வெள்ளீயம் சேர்த்து, மீத்தேன் உண்டாவதைக் குறைத்தனர். நிக்கலின் மிகை வேகத்தை வெள்ளீயம் அடக்கியது எனலாம்.

தரகருக்கு வரும் நோய்

செலவாகாத பொருள் என்றாலும் வினையூக்கி நோயுறும். நீராவியோடு கிளிசரினை 500 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் செலுத்தும்போது நிக்கலின் மேல் கரி படியும், துளைகள் அடைபடும். சிறு துகள்கள் ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்து பரப்பும் குறையும். அலுமினாவின் அமிலத்தன்மை கரி படிவதைத் தூண்டுவதால், லாந்தனம், சீரியம், மக்னீசியம் ஆகியவற்றின் ஆக்சைடுகளைச் சேர்த்துப் பார்க்கின்றனர். மலேசியாவின் பகாங் பல்கலைக்கழகத்தில் நீராவிக்கு மாறாகக் கரியமில வாயுவையே செலுத்தும் முறையை ஆராய்ந்தவர்கள், லாந்தனம் சேர்த்த நிக்கலையும், சிமெண்டு ஆலைகளின் கிளிங்கர் மேல் ஏற்றிய நிக்கலையும் சோதித்து 2014-ஐ ஒட்டிய ஆண்டுகளில் முடிவுகளை வெளியிட்டனர்.

மற்றொரு நோய் ஆலையிலிருந்தே வருவது. டீசல் செய்யும்போது கலந்த காரம் உப்பாகவும் சோப்பாகவும் கிளிசரினில் தங்கிவிடுகிறது. முதல் வினைக்கு ஊக்கியாயிருந்த காரமே இரண்டாம் வினையின் ஊக்கிக்கு நஞ்சாகிறது. அதை நீக்கிச் சுத்திகரிக்கப் பணம் செலவாகும்; சுத்திகரித்த கிளிசரினையோ அப்படியே விற்றுவிடலாம். வினையும் வெப்பத்தை உண்பதாதலால் எரிபொருட் செலவும் சேரும். நெதர்லாந்தின் டெல்ஃப்ஸைல் நகரில் 2010-இல் கிளிசரினை வாயுவாக்கி அதிலிருந்து மெத்தனால் செய்யத் தொடங்கிய ஆலை, பின்னர் உயிர்வாயுவுக்கு மாறியது இக்கணக்கின் கடுமையைக் காட்டும்.

ஆகவே ஆய்வாளர் தேடுவது மிக விரைவான வினையூக்கியை மட்டுமன்று. அழுக்குக் கிளிசரினையும் பொறுத்து, மாதக்கணக்கில் உழைத்து, கரி படிந்தால் எரித்துத் தூய்மை செய்தபின் மீண்டும் பணிபுரியும் மலிவான வினையூக்கியை. அது கிடைத்தால் வாயுவிலிருந்து மெத்தனாலும், மெத்தனாலிலிருந்து மீண்டும் டீசலும் செய்யலாம். இன்று பெரும்பாலும் நிலத்தடி எரிவாயுவிலிருந்து வரும் மெத்தனாலின் இடத்தைத் தோட்டத்தின் விளைவே நிரப்பும்.

வள்ளுவர் ஊக்கமுடைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். வினையூக்கி என்னும் சொல்லை மாணவருக்குக் கற்பிக்கும் ஆசிரியர், இந்த ஊக்கியின் அருமையை அது நோயுறும் விதத்தோடும் சேர்த்துக் கூறுவாரானால், வேதியியல் சூத்திரமாக மட்டும் நில்லாமல் தோட்டத்து வாழ்வின் கணக்காகவும் விளங்கும்.