பரணில் இருந்த மலை ரயில்

விடுமுறைக்கு ஊர் செல்லும் தில்லித் தமிழர்களில் பலர் மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு மலை ரயிலில் போயிருப்பீர்கள். அந்த ரயிலை எங்கள் வீட்டில் இரண்டு முறை கட்டினோம். முதல் முறை 1994-ல், மகனின் பள்ளிக் கண்காட்சிக்காக. இரண்டாம் முறை சென்ற ஆண்டு, பேத்திக்காக.

முதல் ரயில் செருப்புப் பெட்டி அட்டையில் உருவானது. ஓர் எஞ்சின், இரண்டு பெட்டிகள், சட்டைப் பொத்தான் சக்கரங்கள். நூல் கட்டி இழுத்தால் சமதரையில் ஓடும். நிஜப் பாதையின் அகலம் ஒரு மீட்டர். சிறுவனுக்குக் கணக்கு எளிதாக இருக்கட்டுமென்று 25-ல் ஒரு பங்கு, அதாவது 4 செ.மீ. என்று வைத்துக்கொண்டோம். ஞாயிறு வகுப்பில் அப்போதுதான் தமிழெழுத்துப் படித்து வந்த மகன், ஒரு பெட்டியின் பக்கவாட்டில் ‘உதகை’ என்று தானே எழுதினான்.

வீடு மாறும்போது பரணிலிருந்து அது இறங்கியது. “தூக்கிப் போடுங்கப்பா, குழந்தைக்குப் புதுசா வாங்கிக்கலாம்” என்றான் மகன். பேத்தியோ, “தாத்தா, இது மலை ஏறுமா?” என்று கேட்டாள். ஏற வைப்பது என்று முடிவு செய்தேன். மேல்கூடும் அந்த எழுத்தும் அப்படியே இருக்கும். அடிச்சட்டம் மட்டும் புதிது.

நிஜ ரயில் எப்படி ஏறுகிறது? கல்லாறிலிருந்து குன்னூர் வரை சுமார் 20 கி.மீ. தூரத்துக்குத் தண்டவாளங்களின் நடுவே இரண்டு பல்தண்டுகள் பதித்திருக்கிறார்கள். ஒன்றின் பல் இருக்குமிடத்தில் மற்றதில் பள்ளம் வரும். ஆகவே எஞ்சினின் பல்சக்கரம் ஒரு கணமும் பிடி விடாது. அங்கே ஏற்றம் ஏறக்குறைய 12-க்கு 1. குன்னூர் வரை 1899-லும் உதகை வரை 1908-லும் ரயில் ஓடத் தொடங்கியது.

எங்கள் பலகையில் 60 செ.மீ. சரிவு, உயரம் 5 செ.மீ. அதே 12-க்கு 1! பல்தண்டுக்குக் காயலான் கடையில் கிடைத்த இரண்டு பழைய பிரிண்டர்கள் உதவின. அவற்றின் பல்பட்டைகளை வெட்டி, பல் மேலே இருக்கும்படி பக்கத்தில் பக்கமாக, அரைப்பல் தள்ளி ஒட்டினோம். அதே பிரிண்டர்களின் பல்சக்கரங்கள் எஞ்சினுக்கு. லஜ்பத்ராய் மார்க்கெட்டில் வாங்கிய கியர் வைத்த பொம்மை மோட்டார், நான்கு பென்சில் செல்கள், 3 மி.மீ. பிளைவுட் அடிச்சட்டம். அவ்வளவுதான் செலவு.

ஏறும்போது எஞ்சின் பின்னால் நின்று ஏன் தள்ளுகிறது என்று பேத்தி கேட்டாள். சொல்வதைவிடக் காட்டுவது மேல். எஞ்சினை மேலே வைத்து இணைப்பு ஊசியை உருவச் சொன்னேன். பெட்டிகள் சரிவில் உருண்டு தலையணையில் மோதின. எஞ்சினைக் கீழே வைத்து உருவினாள். பெட்டிகள் அதன் மேல் சாய்ந்து நின்றன. நிஜ ரயிலில் இது போதாதென்று ஒவ்வொரு பெட்டியின் முன்மேடையிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்கிறார். பயணிகளின் உயிர் அவர் கையிலும் இருக்கிறது. பழைய ரயிலில் ஆட்களே கிடையாது. இப்போது இரண்டு அட்டை மனிதர்கள் நிற்கிறார்கள், காக்கி உடுப்பில்.

2005-ல் உலகப் பாரம்பரியச் சின்னமான அந்த ரயிலுக்கே பொன்மலைப் பணிமனை இந்த நூற்றாண்டில் பழைய அமைப்பிலேயே புதிய நீராவி எஞ்சின்கள் கட்டித் தந்திருக்கிறது. பழையதைக் காப்பதென்றால் தொடாமல் வைப்பது மட்டுமல்ல.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஏதாவது இருக்கலாம். எறியுமுன் குழந்தையிடம் ஒருமுறை காட்டுங்கள். அடுத்த முறை குன்னூர் போனால் பெட்டியை நேர் எதிரே நின்று படமெடுங்கள். தண்டவாளத்தின் ஒரு மீட்டர் அகலமே அளவுகோல். பெட்டியின் அகலமும் உயரமும் அதிலிருந்தே கிடைத்துவிடும்.

இரண்டாவது பெட்டியின் பக்கவாட்டு வெறுமையாக இருந்தது. அதில் ‘குன்னூர்’ என்று எழுதப் பேத்தி இப்போது ‘ன்’னையும் ‘னூ’வையும் பழகிக்கொண்டிருக்கிறாள்.