ஒலி எழாக் கணினி

எழுத்துக்கள் பிறக்குமாற்றை ஆசிரியர் தொல்காப்பியனார் பிறப்பியலிலே வகுத்துரைத்திருத்தலை இலக்கணங் கற்றார் யாவரும் அறிவர். கொப்பூழிலிருந்து மேலெழும் காற்றானது நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் நிலைபெற்று, நாவும் பல்லும் இதழும் அண்ணமும் மூக்கும் தத்தம் தொழிலைச் செய்ய, வெவ்வேறு ஒலியாய் வெளிப்படும் என்பது அவர் கருத்து. ஒருவன் பேச்சிழந்தானாயின் மருத்துவர் அவ்விடங்களை ஒவ்வொன்றாக ஆராய்வரேயன்றி, எடுத்த எடுப்பிலே ஆள் முழுவதும் பழுதென்று தள்ளார். கணினிக்கோ இந்நீதி கிட்டுவதில்லை. பழைய மாணவர் அன்போடு அனுப்பும் கணினிகளிலே லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவியபின் ஒலி எழாதாயின், "இது பழுது" என்று மூலையில் ஒதுக்குவாரும், இயங்குதளத்தை அழித்து மீண்டும் மீண்டும் நிறுவுவாரும் உளர். இவ்விரண்டும் வேண்டாத வேலை என்பதே யாம் ஈண்டுச் சொல்லப் புகுந்தது.

கணக்கெழுதுவார்க்கு ஒலியின்மை சிறு குறையே. கண்பார்வை இல்லாத மாணவனுக்கோ அஃது அவ்வாறன்று. லினக்சில் 'ஓர்க்கா' என்னும் திரைவாசிப்பான் திரையிலுள்ளவற்றைப் படித்துச் சொல்லும். 'ஈஸ்பீக்' என்னும் பேச்சுப்பொறி தமிழையும் வாசிக்கவல்லது. ஒலி நின்ற கணமே அவன் கையிலிருந்த நூல் மூடப்படுகின்றது. குறை யாதென்று தானே தேடவும் அவனால் இயலாது. தேடுதற்கு அவனுக்குள்ள கருவியும் அவ்வொலியே. ஆதலின் அவன் பக்கத்திலிருக்கும் மாணவர் இதனை அறிந்திருத்தல் இன்றியமையாதது.

இனி, ஒலி செல்லும் நெறியை நோக்குவாம். பாட்டை இசைக்கும் செயலி தன் ஒலியை ஒலிச்சேவையகத்திடம் ஒப்புவிக்கும். பல செயலிகளின் ஒலியையும் ஒன்றாகக் கலந்து, இன்ன வாயிலாற் செல்க என்று விடுப்பது இச்சேவையகம். அதன் கீழே கருவினுள் 'அல்சா' என்னும் பகுதி உண்டு; ஒலிச்சில்லோடு நேரே உரையாடுவது அதுவே. சில்லிலிருந்து செருகுதுளைக்கும், அங்கிருந்து வடத்தின் வழியாக ஒலிபெருக்கிக்கும் ஒலி சென்று சேரும். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட லினக்ஸ் கருவிலே அல்சா நிலைபெற்றது 2003இல் வந்த 2.6ஆம் பதிப்பிலேயாம். சேவையகத் தொழிலை நெடுங்காலம் 'பல்ஸ் ஆடியோ' செய்துவந்தது. ஃபெடோராவில் 2021 முதலும் உபுண்டுவில் 2022 ஒக்டோபர்ப் பதிப்பு முதலும் அவ்விடத்தை 'பைப்வயர்' பெற்றுள்ளது. இவ்வரலாற்றை வீணே கூறினோமல்லேம். பழைய குறிப்பொன்றைக் கண்டு, தம் கணினியில் இல்லாத சேவையகத்துக்குரிய கட்டளைகளைத் தட்டெழுதி, இருந்த சிறு குறையைப் பெருங்குறையாக்குவார் பலர்.

முதலில் நோக்கற்பாலது புறத்தே உள்ளது. ஒலிபெருக்கிக்கு மின் வருகின்றதா, அதன் திருகு குறைந்துள்ளதா என்று பார்க்க. மேசைக்கணினியின் பின்புறத்தே பச்சை நிறத் துளையே ஒலி வெளிவரும் வாயில். இளஞ்சிவப்பு ஒலிவாங்கிக்கு உரியது. முன்புறத் துளையில் ஒலி இல்லையெனின் பின்புறத்தில் மாட்டிப் பார்த்தல் நன்று. முன்புறத் துளையைத் தாய்ப்பலகையோடு இணைக்கும் உள்வடம், பெட்டியைத் திறந்து மூடியவர் கையால் கழன்றிருத்தல் கூடும்.

அடுத்து, நெறியை நடுவிலே துணித்துச் சோதிக்கும் உபாயம் ஒன்றுண்டு. 'பாவுகன்ட்ரோல்' என்னும் சிறு செயலியை நிறுவித் திறந்து, ஒரு பாட்டை ஓடவிடுக. பைப்வயர் உள்ள கணினியிலும் இது தொழிற்படும். வெளியீட்டுக் கருவிகளுக்குரிய பக்கத்தில் ஒலியின் அளவைக் காட்டும் பட்டை அசையுமாயின், ஒலி அதுவரை நலமே வந்துவிட்டது. குறை அதன் கீழே உள்ளது. பட்டை அசையாதாயின் குறை மேலே, செயலியின் பக்கத்தில். இவ்வொரு பார்வையாலேயே பாதி வேலை குறையும். எமக்கு இவ்வழியில் உள்ள மதிப்பு பெரிது.

பட்டை அசைந்தும் செவிக்கு ஒன்றும் எட்டாதபோது, மிகப் பெரும்பான்மையும் ஒலி வேறு வாயிலாற் போகின்றது என்று ஐயுறலாம். திரையை எச்.டி.எம்.ஐ. வடத்தால் இணைத்த கணினிகளில், அவ்வடம் படத்தோடு ஒலியையும் சுமக்கும். சேவையகம் அதனையே வாயிலாகத் தேர்ந்துகொள்ளின், ஒலிபெருக்கியே இல்லாத திரைக்குள் ஒலி போய் மடியும். எல்லாம் சரியாக இயங்கியும் ஒன்றும் கேளாத விந்தை இது. ஒலி அமைப்புகளிலே 'அனலாக்' என்று தொடங்கும் வெளியீட்டைத் தேர்ந்தால் தீர்ந்தது. அப்பெயரே பட்டியலில் இல்லையெனின், பாவுகன்ட்ரோலின் இறுதிப் பக்கத்தில் அவ்வொலி அட்டை 'ஆஃப்' என்று அணைத்து வைக்கப்பட்டுள்ளதா என்று காண்க.

வாயில் சரியாக இருந்தும் ஒலி எழாவிடின், முனையத்தைத் திறந்து 'அல்சாமிக்சர்' என ஒரே சொல்லாகத் தட்டெழுதுக. முதலில் தோன்றும் ஒற்றைத் தூணைக் கண்டு திரும்பிவிடலாகாது. அது சேவையகத்தின் நிழலே. எஃப்6 விசையை அழுத்தி உண்மையான ஒலி அட்டையைத் தேர்ந்தால் தூண்கள் பல வரிசையாக நிற்கும். ஒரு தூணின் அடியில் 'எம்எம்' என்றிருப்பின் அது வாயடைக்கப்பட்டது. அம்புக்குறியால் அங்கே சென்று எம் விசையை ஒருமுறை அழுத்த, அது '00' என மாறித் திறக்கும். மேல்நோக்கு அம்பு அளவை உயர்த்தும். அவ்வரிசையிலேயே சில அட்டைகளில் 'ஆட்டோ மியூட்' என்றொன்று காணப்படும். காதணி கேட்பொறி மாட்டப்பட்டவுடன் ஒலிபெருக்கியை அடக்குவது அதன் தொழில். துளையிலுள்ள உணர்கருவி பழுதுற்றால், மாட்டாத கேட்பொறியை மாட்டியதாக எண்ணி அது என்றும் அடக்கிக்கொண்டே இருக்கும். பழைய கணினிகளில் இதனை நிறுத்திப் பார்த்தல் தகும்.

ஒலி அமைப்புகளில் 'டம்மி அவுட்புட்' என்னும் பெயர் ஒன்றே காணப்படின் நிலைமை வேறு. சேவையகத்துக்கு ஓர் அட்டையும் அகப்படவில்லை என்பதே அதன் பொருள். அப்போது முனையத்தில் 'ஏபிளே' என்பதனை எழுதி, இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடும் சிறிய 'எல்' எழுத்தும் சேர்க்க. கருவானது தான் அறிந்த அட்டைகளைப் பட்டியலிடும். பட்டியலில் அட்டை இருந்தால் சேவையகமே தடுமாறியுள்ளது. வெளியேறி மீண்டும் உட்புகுந்தாலே பெரும்பாலும் தெளிவு பெறும். பட்டியலும் வெறுமையாயின், கணினி தொடங்கும்போது தோன்றும் பயாஸ் அமைப்பிலே தாய்ப்பலகையின் ஒலி நிறுத்தப்பட்டுள்ளதா என்று காண்க. அண்மைக்கால இன்டெல் மடிக்கணினிகள் சிலவற்றுக்கு 'எஸ்ஓஎஃப்' என்னும் சாதனநிரலைத் தனியே நிறுவவேண்டியும் வரும்.

இவ்வளவும் பார்த்தபின்னும் ஐயம் நீங்காதாயின், பென்டிரைவிலிருந்து வேறொரு லினக்சை நிறுவாமலே இயக்கிக் கேட்கலாம். அதில் ஒலி எழுந்தால் வன்பொருள் நன்று. குறை நம் அமைப்பிலேயே உள்ளது.

யூ.எஸ்.பி. துளையில் மாட்டும் சிறு ஒலியிணைப்பி ஒன்றைக் கணினியறையின் மேசையறையில் எப்போதும் வைத்திருத்தலையும் யாம் வற்புறுத்துவோம். அவ்வகைக் கருவிகளுள் பெரும்பாலானவற்றுக்கு வேண்டிய இயக்கி லினக்ஸ் கருவிலேயே உளது. மாட்டி, ஒலி அமைப்பில் அதனைத் தேர்ந்தால் ஒலி எழும். எழுமாயின் மேல் நெறி முழுவதும் குறையற்றது என்பதும், பழுது தாய்ப்பலகையின் சில்லிலோ துளையிலோ என்பதும் உடன் தெளிவாகும். அவ்விணைப்பியோடு ஒரு கேட்பொறியைப் பூட்டி, கண்ணில்லாத மாணவன் அமரும் இடத்தில் வைத்து, க்னோம் மேசைத்தளமாயின் சூப்பர், ஆல்ட், எஸ் என்னும் மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்துக. ஓர்க்கா பேசத் தொடங்கும். தாய்ப்பலகையைப் பழுதுபார்க்கும் வேலையைப் பின்னர் ஆறுதலாகச் செய்யலாம்.