மெலிந்த குதிரைக்குத் தீனி

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பது பழமொழி. ஆயினும் குதிரை என்று வந்துவிட்டால் நம்மவர் இதனைத் தலைகீழாக்கி விடுகின்றனர். எலும்பும் தோலுமாக ஒரு குதிரை நின்றால், "கொள்ளு வைப்பதில்லையா?" என்பதே காண்போர் கேட்கும் முதற் கேள்வி. அக்கேள்விக்குச் செவிசாய்த்து நாம் ஒரு குதிரையை இழந்தோம்.

பல ஆண்டுகளுக்கு முன்னர், மிகவும் இளைத்திருந்த ஒரு பெட்டைக் குதிரையை மலிவான விலைக்கு வாங்கி வந்தோம். விலாவெலும்புகளை எண்ணிவிடலாம். அன்று மாலையே இரண்டு படி கொள்ளை வேகவைத்து முன்னே வைத்தோம். குதிரை ஆவலுடன் தின்றது. மறுநாளும் அவ்வாறே செய்தோம். மூன்றாம் நாள் கால்கள் தள்ளாடின. நான்காம் நாள் விடியலில் அது எழவில்லை. பட்டினியால் இறந்தது என்று ஊரார் கூறினர். அது பட்டினியால் இறக்கவில்லை, நாம் இட்ட தீனியால் இறந்தது என்பதைக் கால்நடை மருத்துவர் விளக்கியபோதுதான் அறிந்தோம்.

நெடுநாள் பட்டினி கிடந்த உடல் தன் கொழுப்பையும் தசையையும் கரைத்தே உயிர் வாழ்கின்றது. அந்நிலையில் மாச்சத்து மிகுந்த தானியம் திடீரென்று வயிற்றிற் சென்றால், இரத்தத்தில் இன்சுலின் பெருகும். அது இரத்தத்திலுள்ள பாஸ்பரஸ், மக்னீசியம் முதலிய உப்புக்களை உயிரணுக்களுக்குள் ஈர்த்துக்கொள்ளும். உடலில் இவ்வுப்புக்களின் சேமிப்பு ஏற்கெனவே வற்றியிருப்பதால் இருதயமும் சுவாசத் தசைகளும் தளர்ந்துவிடும். தீனி வைக்கத் தொடங்கிய மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள் இவ்விபத்து நேர்வதுண்டு. அமெரிக்காவில் டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தார் பட்டினி கிடந்த குதிரைகளுக்குப் பலவகைத் தீனிகளைக் கொடுத்து ஆராய்ந்து, உலர்ந்த குதிரைமசாலைச் சிறிது சிறிதாகப் பலமுறை கொடுப்பதே நலம் என்று கண்டனர். குதிரைமசாலில் மாச்சத்துக் குறைவு. புரதமும் சுண்ணச்சத்தும் மிகுதி. பெயரிலேயே குதிரையை வைத்திருக்கும் இப்பயிரை நம் தோட்டங்களில் பசுக்களுக்கு மட்டுமே அறுத்துப் போடுகின்றோம்!

அவர்கள் கூறும் அளவு பெரிய சாதிக் குதிரைக்குரியது. நம் பக்கத்து வண்டிக் குதிரை அதிற் பாதி எடைதான் இருக்கும். ஆகவே நமக்கு ஏற்றவாறு கணக்கிட்டால், முதல் மூன்று நாட்களுக்கு நான்கு மணிக்கு ஒருமுறை உலர்ந்த குதிரைமசால் கால் கிலோவிற்குச் சற்றுக் குறைவாக வைக்க வேண்டும். இரவிலும் எழுந்து வைக்கத்தான் வேண்டும். நான்காம் நாள் முதல் அளவைக் கூட்டி வேளையைக் குறைத்து, ஆறாம் நாளில் எட்டு மணிக்கு ஒருமுறை ஒரு கிலோ என்னும் அளவிற்கு வரலாம். பத்து நாட்கள் கழியும்வரை தானியம், எண்ணெய் இரண்டும் கூடா. தண்ணீரும் உப்புக் கட்டியும் எப்போதும் அருகில் இருத்தல் வேண்டும்.

இது பட்டினியால் வற்றிப்போன குதிரைக்கு உரிய முறை. சற்றே இளைத்த குதிரைக்கு இத்தனை அச்சம் தேவையில்லை. எது எந்நிலையில் உள்ளது என்று அறிவது எவ்வாறு? 1983ஆம் ஆண்டில் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஹென்னக் என்பார் தம் துணைவருடன் ஓர் அளவுமுறையை வெளியிட்டார். கழுத்து, தோள், விலா, முதுகு, வாலடி ஆகிய இடங்களைக் கையால் தடவிப் பார்த்து ஒன்று முதல் ஒன்பது வரை எண் இடுவது அம்முறை. ஐந்து நடுத்தரம், விலாவெலும்பு கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். ஒன்று எனில் எலும்புக்கூடு. கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்லலாகாது. மழைக்காலத்து நீண்ட உரோமம் எத்தனையோ மெலிவை மறைத்துவிடும்.

எடையை அறியத் தராசு வேண்டுவதில்லை. தையற்காரர் நாடா ஒன்று போதும். முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்பின் சுற்றளவையும், தோள்முனையிலிருந்து பிட்டமுனை வரை நீளத்தையும் சென்டிமீட்டரில் அளந்து, சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, பின்னர் நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் ஏறத்தாழ எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 145, நீளம் 130 எனில் எடை 230 கிலோ.

தீனியைக் கூட்டுமுன் குதிரை ஏன் மெலிந்தது என்று கேட்க வேண்டும். இதனைப் பலர் செய்வதில்லை. வயதான குதிரையின் கடைவாய்ப் பற்கள் கூர்மையாகிக் கன்னத்தையும் நாவையும் கிழிக்கும்; அது பாதி மென்ற புல்லை உருண்டை உருண்டையாகக் கீழே துப்பும். அதற்கு எத்தனை தீனி வைத்தும் பயனில்லை. மருத்துவர் அரம் கொண்டு பல்லைச் சமன் செய்தல் வேண்டும். சாணத்தைச் சோதித்துப் புழு மருந்து கொடுப்பதும் அவர் சொற்படியே ஆகட்டும். விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் கால் வீக்கமுமாக ஒரு குதிரை இளைத்துக்கொண்டே வந்தால், குதிரை ஈக்களால் பரவும் 'சர்ரா' நோயாகவும் இருக்கலாம். அதற்கு இரத்தப் பரிசோதனை தேவை.

காரணம் நீங்கியபின் அடிப்படைத் தீனி புல்லே. நாளொன்றுக்கு உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு உலர்ந்த நார்த்தீனி வேண்டும். 230 கிலோ குதிரைக்கு இது நாலரைக் கிலோவிற்குச் சற்று மேல். பச்சை அறுகம்புல்லில் பெரும்பகுதி நீராகையால், அதையே கொடுப்பதானால் பதினெட்டு இருபது கிலோ தேவைப்படும். வெறும் வைக்கோல் வயிற்றை நிரப்புமேயன்றி உடம்பைத் தேற்றாது; அதிகமானால் குடலை அடைத்துக்கொள்ளும். இளஞ்சோளப் பயிரில் நஞ்சு உண்டென்பது மாடு வைத்திருப்போர் அறிந்ததே. குதிரைக்கும் அது ஆகாது.

இனிக் கொள்ளுக்கு வருவோம். நாம் அதனைப் பகைக்கவில்லை. அதில் நூற்றுக்கு இருபதுக்கும் மேல் புரதம் உள்ளது. தசை வளர்ச்சிக்கு இன்றியமையாத லைசின் என்னும் சத்து, கம்பு சோளத்தில் இருப்பதைவிட மிகுதி. பச்சைக் கொள்ளில் புரதத்தின் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருப்பதால் இரவில் ஊறவைத்து வேகவைத்தே கொடுக்க வேண்டும். நம் முன்னோர் செய்தது சரியே. ஒரு வேளைக்கு அரைக் கிலோவிற்கு மேற்படாமல், இரண்டு வேளை போதும். ஒரு கைப்பிடியில் தொடங்கி இரண்டு மூன்று வாரங்களில் அவ்வளவிற்கு வரலாம். குதிரையின் இரைப்பை சிறியது. அதனால் வாந்தி எடுக்கவும் இயலாது. புளித்துப்போன மிச்சத்தை மறுவேளைக்கு வைப்போர் வயிற்றுவலியை விலைக்கு வாங்குகின்றனர்.

அரிசித் தவிட்டில் கொழுப்பு உண்டு, எடை கூடும். ஆனால் அதில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணச்சத்து மிகக் குறைவு. தவிட்டையே நம்பி வளர்த்தால் எலும்பிலுள்ள சுண்ணம் கரைந்து முகவெலும்பு வீங்கும். மாவு ஆலைக்காரர்களின் குதிரைகளுக்கு முற்காலத்தில் இந்நோய் மிகுதியாக வந்ததுண்டு. குதிரைமசாலைச் சேர்த்துக் கொடுத்தால் இக்குறை பெரும்பாலும் சரிப்படும். கடலைப் பிண்ணாக்கில் லைசின் குறைவு, பூஞ்சண நஞ்சும் சேரக்கூடும். பருத்திக்கொட்டை நம் உறுப்பினர் பலர் வீட்டில் மூட்டையாக உண்டு; அது மாட்டோடு நிற்கட்டும். மாட்டிற்கென விற்கும் கலப்புத் தீவனத்தையும் குதிரைக்கு வைக்கலாகாது. அவற்றுட் சிலவற்றில் சேரும் மொனென்சின் என்னும் மருந்து சிறிதளவே குதிரையைக் கொன்றுவிடும்.

பழமொழியின் எள்ளிலும் பொருள் இல்லாமற் போகவில்லை. மாச்சத்தைப்போல் இரு மடங்குக்கு மேல் சக்தி எண்ணெயில் உண்டு. ஒரு மாதம் கழிந்து குதிரை தேறத் தொடங்கியபின், இரண்டு தேக்கரண்டி நல்ல எண்ணெயைத் தீனியிற் கலந்து, நாளடைவில் 200 மில்லி வரை உயர்த்தலாம். சாணம் இளகினால் நிறுத்துக.

விலா மூடிவிட்டது என்பதால் குதிரை தேறிவிட்டது என்று எண்ணலாகாது. விலாவை மூடுவது கொழுப்பு. முதுகெலும்பின் இருபுறமும் உள்ள பள்ளத்தை நிரப்புவது தசை. தசைக்குப் புரதத்தோடு வேலையும் வேண்டும். எடை பாதி கூடியபின் தினம் கால் மணி நேரம் கையிற் பிடித்து நடத்துதல், பின்னர் மேட்டில் ஏற்றி இறக்குதல், அதன்பின் வெற்று வண்டி என்று முறையாகச் செல்ல வேண்டும். முதுகு மெலிந்த குதிரைக்குச் சேணம் பூட்டினால் புண் விழும். புண் ஆறும்வரை சம்பாத்தியமும் இல்லை.

மோட்டார் வந்தபின் இரயிலடியில் நின்ற ஜட்காக்கள் மறைந்தன. ஆயினும் ஆடித் திருவிழாவில் அந்தியூர் குருநாதசுவாமி கோயிற் சந்தைக்குக் குதிரைகள் வருவது நிற்கவில்லை. முதற் குதிரை போனபின் நாம் மற்றொரு மெலிந்த குதிரையை ஓர் ஆடி மாதத்தில் வாங்கினோம். மேலே கூறிய 145, 130 என்னும் அளவுகள் அதனுடையவையே. கொட்டிலின் தூணில் பதினைந்து நாளைக்கு ஒருமுறை சுற்றளவைக் கரியால் எழுதி வந்தோம். முதல் மாதத்தில் எண் ஏறக்குறைய அசையவே இல்லை. வீட்டார் கொள்ளைக் கூட்டச் சொல்லி நச்சரித்தனர். தைப் பொங்கலன்று தூணில் இருந்த எண் 153.