ராக்கெட் லேட் ஆனா நம்ம டிவிக்கு என்ன?

"தொழில்நுட்பக் காரணங்களால் ஏவுதல் ஒத்திவைப்பு." இந்த மாதிரி செய்தியை நீங்க எத்தனையோ தடவை பார்த்திருப்பீங்க. பார்த்துட்டு அடுத்த செய்திக்குப் போயிருப்பீங்க. ஆனா அந்த ராக்கெட் உச்சியில இருக்கிறது ஒரு டிவி ஒளிபரப்பு சேட்டிலைட்டா இருந்தா, அந்தத் தாமதம் நம்ம வீட்டு மொட்டை மாடி வரைக்கும் வரலாம். எப்படின்னு பார்ப்போம்.

டிஷ் ஏன் அசையறதில்லை?

டிவி சேட்டிலைட்டுகள் பூமத்திய ரேகைக்கு மேல 35,786 கிலோமீட்டர் உயரத்துல சுத்துது. பூமி தன்னைத்தானே ஒரு தடவை சுத்தற நேரத்துல அதுவும் ஒரு சுத்து முடிக்கும். அதனால கீழே இருந்து பார்த்தா ஒரே இடத்துல நிக்கிற மாதிரி இருக்கும். டிஷ்ஷை ஒரு தடவை திருப்பி நட்டை முறுக்கிட்டா போதும், வருஷக்கணக்கா தொட வேண்டாம்.

ஒவ்வொரு சேட்டிலைட்டுக்கும் வானத்துல ஒரு முகவரி உண்டு. 2006-ல டாடா ஸ்கை சேவை தொடங்கினப்போ அது இன்சாட்-4ஏ மூலமா வந்தது. அதோட இடம் கிழக்கு 83 டிகிரி. சன் டைரக்ட் பயன்படுத்தின இன்சாட்-4பி இருந்தது 93.5 டிகிரியில.

ஆனா அது சும்மா நிக்கலை. சூரியனும் சந்திரனும் இழுத்துக்கிட்டே இருக்கும். அப்பப்போ சின்ன த்ரஸ்டர்களை இயக்கித்தான் தன் இடத்துல இருக்கும். அதுக்கு எரிபொருள் வேணும். மேல போய் நிரப்பற பழக்கம் இன்னும் பரவலா வரலை. அதனால பொதுவா 12-லிருந்து 15 வருஷத்துல ஒரு சேட்டிலைட் ஓய்வு பெறும். அதுக்குள்ள மாற்று மேல போயிருக்கணும். கீழே ராக்கெட் லேட் ஆனாலும், மேல எரிபொருள் தீர்ந்துக்கிட்டேதான் இருக்கும். இதுதான் பிரச்சினையோட வேர்.

நாள் கணக்கு, மாசக் கணக்கு, வருஷக் கணக்கு

எல்லாத் தாமதமும் ஒண்ணு இல்லை. மூணாப் பிரிச்சா புரிஞ்சிக்கிறது சுலபம்.

முதல் வகை, ஏவுதளத்துலேயே கண்டுபிடிக்கிற கோளாறு. 2013 ஆகஸ்ட் 19 அன்னிக்கு ஜிசாட்-14 என்ற தகவல்தொடர்பு சேட்டிலைட்டோட ஜிஎஸ்எல்வி-டி5 ஸ்ரீஹரிகோட்டாவுல தயாரா நின்னது. கிளம்ப 1 மணி 14 நிமிஷம் இருக்கும்போது இரண்டாவது நிலையில எரிபொருள் கசிவு தெரிஞ்சது. கவுன்ட்டவுனை நிறுத்தினாங்க. அந்த நிலையையே புதுசா மாத்தி, 2014 ஜனவரி 5-ல வெற்றிகரமா ஏவினாங்க. நாலரை மாசம் போச்சு, ஆனா சேட்டிலைட் தப்பிச்சது. இந்த மாதிரி தாமதத்தைக் கிண்டல் பண்ணக் கூடாது. சிஸ்டம் ஒழுங்கா வேலை செய்யுதுன்னுதான் அதுக்கு அர்த்தம்.

இரண்டாவது வகை, நம்ம மேல தப்பே இல்லாம வர்ற தாமதம். 2023-ல ஓய்வு பெற்ற ஏரியன்-5 ராக்கெட் பெரும்பாலும் ரெண்டு சேட்டிலைட்டை ஒண்ணாத் தூக்கிட்டுப் போயிட்டிருந்தது. செலவு பிரியும், ஆனா ஷேர் ஆட்டோ கதைதான். கூட வர்றவர் கிளம்பினாத்தான் நாமளும் கிளம்ப முடியும். மலேசியாவோட மீசாட்-3பி சேட்டிலைட் 2014 நடுவுலேயே போக வேண்டியது. ஆனா ஆஸ்திரேலியாவோட ஆப்டஸ்-10 அதே ராக்கெட்டுல ஜோடி. அதுல கூடுதல் சோதனை தேவைப்பட்டதால ரெண்டும் சேர்ந்து காத்திருந்து, செப்டம்பர் 11-லதான் போச்சு.

சில நேரம் காரணம் ராக்கெட்டுலயும் இருக்காது, சேட்டிலைட்டுலயும் இருக்காது. 2017 மார்ச்சுல பிரெஞ்சு கயானாவுல மக்கள் போராட்டமும் வேலைநிறுத்தமும் வெடிச்சது. கூரூ ஏவுதளத்துக்குப் போற பாதை மறிக்கப்பட்டது. பிரேசில், கொரியா சேட்டிலைட்டுகளோட தயாரா இருந்த ஏரியன்-5 சுமார் ஆறு வாரம் கழிச்சு, மே 4-லதான் கிளம்பிச்சு.

மூணாவது வகைதான் உண்மையிலேயே வலிக்கும். அது தோல்விக்கு அப்புறம் வர்ற தாமதம். 2006 ஜூலை 10-ல ஜிஎஸ்எல்வி-எஃப்02 கிளம்பின உடனே, பக்கவாட்டுல இருக்கிற நாலு என்ஜின்ல ஒண்ணு உந்துவிசையை இழந்தது. ஒரு நிமிஷத்துக்குள்ள எல்லாம் முடிஞ்சது. டிடிஎச் சேவைக்கு ஏத்த 12 கேயூ பேண்ட் டிரான்ஸ்பாண்டர்களோட இன்சாட்-4சி வங்காள விரிகுடாவுல விழுந்தது. அதே மாதிரி இன்னொண்ணு செஞ்சு, இன்சாட்-4சிஆர்ங்கிற பேர்ல 2007 செப்டம்பர் 2-ல ஏவினாங்க. கிட்டத்தட்ட 14 மாசம்.

2010 டிசம்பர் 25-ல மறுபடியும் அடி. 36 சி-பேண்ட் டிரான்ஸ்பாண்டர்களோட போன ஜிசாட்-5பி, கிளம்பின ஒரு நிமிஷத்துல ராக்கெட்டோட சேர்ந்து அழிஞ்சது. அதுக்கப்புறம் ஜிஎஸ்எல்வி மறுபடி பறந்தது மேல சொன்ன 2014 ஜனவரியிலதான். மூணு வருஷம்! அந்தக் காலத்துல டிடிஎச் கம்பெனிகள் வேகமா வளர்ந்துக்கிட்டிருந்தது. புது சேனலுக்கு இடம் வேணும், உள்நாட்டு சேட்டிலைட்டுல போதுமான இடம் இல்லை. வெளிநாட்டு சேட்டிலைட்டுகள்ல வாடகைக்கு இடம் எடுத்தாங்க. இப்படி டிடிஎச் சேவைக்கான சேட்டிலைட் இடத்தை விண்வெளித் துறை எப்படி நிர்வகிச்சதுன்னு மத்திய தணிக்கைத் துறை 2014-ல தனி அறிக்கையே கொடுத்தது.

ஒரு ராத்திரியில பாதி போச்சு

தாமதம் ஏன் ஆபத்துன்னு புரிய ஒரு தேதி போதும்: 2010 ஜூலை 7. அன்னிக்கு இன்சாட்-4பி-யோட ரெண்டு சோலார் பேனல்ல ஒண்ணுல கோளாறு. மின்சாரம் பத்தலை. 24 டிரான்ஸ்பாண்டர்ல 12-ஐ அணைக்க வேண்டியதாச்சு. அதை நம்பியிருந்த சென்னை கம்பெனி சன் டைரக்ட், மீசாட்-3-க்கு மாறிச்சு. ஆனா மீசாட்-3 இருந்தது 91.5 டிகிரியில. 93.5-க்கும் 91.5-க்கும் ரெண்டு டிகிரிதானே வித்தியாசம்?

ஆன்டெனா பாடத்துல படிச்ச சூத்திரத்தைப் போட்டுப் பாருங்க. பீம் அகலம் சுமாரா, 70-ஐ அலைநீளத்தால பெருக்கி டிஷ் விட்டத்தால வகுக்கணும். 11 கிகாஹெர்ட்ஸ்ல அலைநீளம் 2.7 சென்டிமீட்டர். டிஷ் 60 சென்டிமீட்டர். விடை ஏறக்குறைய 3 டிகிரி. அதாவது நடுவுல இருந்து ஒன்றரை டிகிரி விலகினாலே சிக்னல் பாதியாயிடும். ரெண்டு டிகிரி விலகினா இன்னும் மோசம். பக்கத்துல இருக்கிற சேட்டிலைட் சிக்னலும் குறுக்கிடலாம்.

அப்போ ஒவ்வொரு வீட்டு மாடியிலயும் யாராவது ஏறி டிஷ்ஷைத் திருப்பணும். சேட்டிலைட்டுல சாஃப்ட்வேர் கட்டளை அனுப்பி சரி பண்ணலாம், மாடியில முறுக்கின நட்டுக்கு எங்கிருந்து கட்டளை அனுப்பறது? டிவி சேட்டிலைட்டுக்கும் மத்த சேட்டிலைட்டுகளுக்கும் இருக்கிற பெரிய வித்தியாசமே இதுதான். அதோட இன்னொரு பாதி லட்சக்கணக்கான வீடுகள்ல, கையால இறுக்கின நட்டா இருக்கு.

இதையே பதினோரு வருஷம் கழிச்சு நடந்ததோட ஒப்பிட்டுப் பாருங்க. 2021 ஜூன் 21-ல அதே மீசாட்-3 கெட்டுப்போச்சு. ஆனா அதே 91.5 டிகிரியில மீசாட்-3ஏ, மீசாட்-3பி ரெண்டும் கூடவே இருந்தது. பல சேவைகளை அதுக்கு மாத்தினாங்க. ஒரே முகவரிங்கிறதால அந்தச் சேவைகளுக்கு டிஷ்ஷைத் திருப்ப வேண்டிய தேவையே இல்லை. புது மீசாட்-3டி வந்தது 2022 ஜூன் 22-ல, ஒரு வருஷம் கழிச்சு. அந்த ஒரு வருஷத்தைத் தாங்கிக்க முடிஞ்சதுன்னா, காரணம் பக்கத்துலேயே இருந்த ஸ்பேர்தான்.

அந்த மீசாட்-3டி-யோட ஒரே ராக்கெட்டுல போன ஜோடி எது தெரியுமா? நம்ம ஜிசாட்-24. எடை 4,180 கிலோ, 24 கேயூ பேண்ட் டிரான்ஸ்பாண்டர். முழு இடத்தையும் டாடா ப்ளே எடுத்துக்கிட்டது. முதல்ல செஞ்சு அனுப்பிட்டு அப்புறம் ஆள் தேடாம, வாடிக்கையாளரை உறுதி பண்ணிட்டு சேட்டிலைட் செய்யற புது முறையில, இஸ்ரோவோட வணிகப் பிரிவான நியூஸ்பேஸ் இந்தியா அனுப்பின முதல் சேட்டிலைட் அது.

அடுத்த தடவை "ஏவுதல் ஒத்திவைப்பு"ன்னு செய்தி வந்தா, "எத்தனை நாள் லேட்?"னு மட்டும் கேட்காதீங்க. கசிவைப் பார்த்து நிறுத்தினாங்கன்னா கைதட்டுங்க. கேட்க வேண்டிய கேள்வி வேற: "இது போய்ச் சேர்ற வரைக்கும், அதே இடத்துல வேலையைப் பார்க்க மாற்று இருக்கா?" இருக்குன்னா, எத்தனை மாசம் தள்ளிப்போனாலும் வீட்டுல யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. இல்லைன்னா, ஒரு நாள் தாமதம்கூட அதிகம்தான். நாளைக்கு நீங்க எந்த சிஸ்டத்தை டிசைன் பண்ணினாலும், அது சேட்டிலைட்டோ சர்வரோ, இதே கேள்வியை முதல் நாளே கேட்டுடுங்க.