தஞ்சைப் பேதுரு பள்ளியும் கொல்லிமலையும்

கொல்லிமலை என்றதும் வல்வில் ஓரியின் கொடையும், அறப்பளீசுவரர் திருக்கோயிலும் நம் நினைவுக்கு வருகின்றன. அம்மலையின் சிற்றூர்களில் தொன்றுதொட்டு வாழ்ந்துவரும் மலையாளி என்னும் பழங்குடி மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எப்பொழுது கிடைத்தது என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? அதை அறிய விரும்பினால், மலையடிவாரத்தில் தொடங்கிப் பயனில்லை. பாதிரிமார் நடத்திய பள்ளிகள் தமிழ்நாட்டில் முதன்முதலாக யாருக்காகத் திறக்கப்பட்டன என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குக் காவிரி பாயும் தஞ்சை மாநகரத்துக்கே நாம் போகவேண்டும். அங்கேதான் தூய பேதுரு பள்ளி இருக்கிறது. ஆண் பிள்ளைகளுக்கென்று தோன்றிய இந்தப் பள்ளியின் வரலாறு 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆரம்பமாகிறது.

அதற்கு வித்திட்டவர் ஆங்கிலேயர் அல்லர், ஜெர்மானியர். 1726-இல் பிறந்த கிறிஸ்டியன் பிரெடரிக் ஸ்வார்ட்ஸ் என்னும் பாதிரியார், 1750-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்; 1762-இல் திருச்சிராப்பள்ளிக்கும், 1778-இல் தஞ்சைக்கும் குடிபெயர்ந்தார். அவர் லூத்தரன் சபையைச் சேர்ந்தவர். ஆயினும் அவரை ஆதரித்துவந்தது இங்கிலாந்துத் திருச்சபையைச் சார்ந்த சங்கம். தமிழையும் மராத்தியையும் நன்கு கற்றவர். 1779-இல் கும்பினியார் தம் தூதராக ஹைதர் அலியிடம் அனுப்பிவைத்ததும் இவரைத்தான். ஒருவருக்கொருவர் பகையாயிருந்த மூன்று தர்பார்களிலும் நம்பிக்கை பெற்ற மனிதர் ஒருவர் உண்டென்றால் அவர் ஸ்வார்ட்ஸ்தான்.

அக்காலத்தில் தஞ்சையில் கும்பினியின் ரெஸிடெண்டாக இருந்தவர் ஜான் ஸல்லிவன். உத்தியோகஸ்தர்களும் குடிகளும் துபாஷிகளை நம்பியே பேசவேண்டியிருப்பதால் விளையும் கேட்டை அவர் கண்டார். சுதேசிகளுக்கு ஆங்கிலம் கற்பித்தால் இக்குறை நீங்கும் என்று கருதி, ஸ்வார்ட்ஸின் துணையை நாடினார். தஞ்சை, இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய இடங்களில் பள்ளிகள் ஏற்பட்டன. 1787-இல் கும்பினியின் டைரக்டர்கள் ஒவ்வொரு பள்ளிக்கும் ஆண்டுக்கு 250 வராகன் உதவித்தொகை அனுமதித்தார்கள். மெக்காலே தம் பெயர் பெற்ற குறிப்பை எழுதியது 1835-இல். ஆங்கிலக் கல்வி அவரால்தான் இந்நாட்டில் புகுந்தது என்று நம்மிற் பலர் சொல்வது வழக்கம். ஆனால் அவருக்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு முன்பே, தென்னாட்டில் அரசாங்கப் பணத்துடன் ஆங்கிலப் பள்ளி நடந்துகொண்டிருந்தது.

அங்கே சென்று படித்தவர்கள் யார்? அந்தணர் வீட்டுப் பிள்ளைகளும், உத்தியோகத்தில் இருந்தவர்களின் புதல்வர்களுமே பெரும்பாலோர். ஏற்கெனவே ஏடும் எழுத்தாணியும் பழகிய குடும்பங்கள், இப்பொழுது பேனாவையும் பிடித்தன. ஆட்சியாளருக்கோ கணக்கரும் எழுத்தரும் வேண்டியிருந்தது, அவர்கள் கிடைத்தார்கள். இந்த ஏற்பாட்டின் நோக்கத்தில் நாட்டு நலம் முதலிடம் பெறவில்லை என்பதை நாம் மறைக்கவேண்டியதில்லை.

எனினும் நல்ல விதை, விதைத்தவனுடைய கணக்கைக் கடந்தும் பலன் தருவதுண்டு. ஸ்வார்ட்ஸின் அன்புக்குப் பாத்திரமான இருவரைப் பாருங்கள். ஒருவர் சரபோஜி மகாராஜா. அவர் தம் மதத்தை விட்டாரில்லை. ஆனால் சரசுவதி மகாலில் உலகத்து நூல்களையெல்லாம் சேர்த்தார். தேவநாகரி எழுத்தில் அச்சுக்கூடம் கண்டார். ஒரத்தநாட்டுச் சத்திரத்தில் அன்னத்தோடு கல்வியும் இலவசமாக வழங்கினார். 1798-இல் காலஞ்சென்ற ஆசானுக்கு அவர் செதுக்குவித்த சலவைக்கல் சின்னத்தைச் சிவகங்கைக் கோட்டைக்குள் இருக்கும் ஆலயத்தில் இன்றும் காணலாம். மற்றவர் 1774-இல் பிறந்த வேதநாயக சாஸ்திரியார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து சிறுவனாக அழைத்துவரப்பட்ட அவர், தஞ்சையில் ஆசிரியராகவும், செந்தமிழில் பாடிய கவிராயராகவும் விளங்கினார்.

1825-ஐ ஒட்டி இப்பணிகள் யாவும் இங்கிலாந்துத் திருச்சபையின் எஸ்.பி.ஜி. சங்கத்தின் கைக்கு மாறின. அப்போதுதான் பெரிய சோதனை வந்தது. ஆலயத்திலும் பள்ளியிலும் எல்லாச் சாதியாரும் ஒருங்கே அமர வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. திருச்சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று 1833-இல் கல்கத்தாப் பிஷப் டேனியல் வில்ஸன் கட்டளையிட்டார். தஞ்சைச் சபையார் பலர் அதை ஏற்க மறுத்தார்கள். வேதநாயக சாஸ்திரியாரே பழைய வழக்கத்தின் பக்கம் நின்று வாதாடினார். அவ்வளவு பெரிய புலவரும், பக்கத்துப் பலகையில் அமரும் எளிய பிள்ளையை ஏற்கத் தயங்கினார் என்பது நம் உள்ளத்தை வருத்துகிறது. மதத்தை மாற்றிக்கொள்வதைக் காட்டிலும் மனத்தை மாற்றிக்கொள்வது கடினம் போலும்!

பிற்காலத்தில் 1851 முதல் 1858 வரை தஞ்சையில் கல்விப் பணி ஆற்றியவர் ஜி. யு. போப் ஐயர். 1886-இல் திருக்குறளையும் 1900-இல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்த அப்பெரியாரின் பெயரைத் தமிழர் மறவார். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் பேதுரு பள்ளியில் கல்லூரி வகுப்புகளும் நடைபெற்றன. பின்னர் அவை நின்றுபோயின. பள்ளி மட்டும் நிலைத்தது. 1947 செப்டம்பரில் ஆங்கிலிக்கன் சபை மற்றச் சபைகளுடன் இணைந்து தென்னிந்தியத் திருச்சபையாயிற்று. இன்று அத்திருச்சபையின் பொறுப்பில் அப்பள்ளி மேல்நிலைப் பள்ளியாக நடக்கிறது.

இனி நாம் தொடங்கிய மலைக்குத் திரும்புவோம். தஞ்சைப் பள்ளி தோன்றி நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்பு, 1913-இல் ஜெஸ்ஸி பிராண்டு என்பாரும் அவர் மனைவியார் ஈவ்லினும் கொல்லிமலை ஏறி, அங்கேயே குடியிருந்தார்கள். இவர்கள் ஆங்கிலிக்கர் அல்லர், பாப்டிஸ்டு சபையினர். மருந்தகமும் பள்ளியும் நடத்தினார்கள். கணக்கர்களை உண்டாக்குவது அப்பள்ளியின் நோக்கமன்று. எழுத்தோடு தச்சு முதலிய கைத்தொழிலும் கற்பித்தார்கள். 1929-இல் ஜெஸ்ஸி பிராண்டு கொடிய காய்ச்சலால் அம்மலையிலேயே மாண்டார். அம்மையார் முதுமையில் மீண்டும் மலைக்கு வந்து உழைத்து, 1974-இல் மறைந்தபின், கணவர் அருகே அடக்கம் செய்யப்பட்டார். 1914-இல் பிறந்த அவர்களுடைய மைந்தர் பால் பிராண்டு, வேலூரில் தொழுநோயாளரின் முடங்கிய கைகளை அறுவைச் சிகிச்சையால் இயங்கச் செய்து உலகப் புகழ் பெற்றார்.

தஞ்சையிலிருந்து கொல்லிமலைக்கு உள்ள தூரம் அதிகமன்று. மாட்டு வண்டியிலேயே சில நாட்களில் அடிவாரம் சேர்ந்துவிடலாம். அத்தூரத்தைக் கடக்கப் பாதிரிமார் கல்விக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. பாதை கரடுமுரடானது மட்டும் இதற்குக் காரணமன்று. உத்தியோகத்துக்கு உதவாத பிள்ளையை யாரும் தேடிப் போகவில்லை என்பதே உண்மைக் காரணம். இன்று மலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகளுடன் சாலை இருக்கிறது. அரசாங்கப் பள்ளிகளும் இருக்கின்றன. ஒரு பள்ளியின் பெருமையை அதன் வயதைக் கொண்டு அளப்பது நம் வழக்கம். முதல் வரிசையில் யார் அமர்ந்தார்கள், கடைசி வரிசைக்கு எப்பொழுது இடம் கிடைத்தது என்றும் சேர்த்துக் கேட்போமானால், தஞ்சைப் பள்ளியின் வரலாறு நமக்கு இன்னும் பயனுடையதாகும்.