உச்சியில் விழும் அம்புக்குறியை நம்பலாமா? ட்ரேடிங் சார்ட்டின் பின்னால் இருக்கும் கோடிங்

விலை உச்சத்தைத் தொட்ட கேண்டிலின் தலையிலேயே ஒரு சிவப்பு அம்புக்குறி. அடிமட்டத்தைத் தொட்ட கேண்டிலுக்குக் கீழே ஒரு பச்சை அம்புக்குறி. டெலிகிராம் குரூப்களில் சுற்றும் இப்படிப்பட்ட ஸ்கிரீன்ஷாட்களைப் பார்த்தால், ‘அட, இது மட்டும் நம்ம கையில இருந்தா போதுமே!’ என்று தோன்றும். ஆனால், அந்த அம்புக்குறி எங்கே விழ வேண்டும் என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் கோடிங்கில் இருக்கும் ஒரே ஒரு எண்தான். அது எப்படி?

பைன் ஸ்கிரிப்ட் என்றால் என்ன?

பங்குச் சந்தை சார்ட்களுக்குப் பலரும் பயன்படுத்தும் தளம் ‘ட்ரேடிங்வியூ’. அதில் நமக்கு வேண்டிய இண்டிகேட்டரை நாமே எழுதிக்கொள்ள உதவும் மொழிதான் பைன் ஸ்கிரிப்ட். அதன் 6-வது பதிப்பு 2024-ல் வந்தது. சார்ட் பக்கத்திலேயே உள்ள ‘பைன் எடிட்டரை’த் திறந்து, ஆங்கிலத்தில் சில வரிகளைத் தட்டி, ‘ஆட் டு சார்ட்’ கொடுத்தால் வேலை முடிந்தது.

ஒரு எச்சரிக்கை: பழைய யூடியூப் பாடங்களில் முதல் வரி ‘ஸ்டடி’ என்று தொடங்கும். 5-வது பதிப்பிலிருந்து அது ‘இண்டிகேட்டர்’ என்று மாறிவிட்டது. புதிய பதிப்பில் எழுதும்போது பழைய வரியை அப்படியே காப்பி அடித்தால் எரர்தான் வரும்.

என்னவெல்லாம் மாற்றலாம்?

ஆர்எஸ்ஐ இண்டிகேட்டரையே எடுத்துக்கொள்வோம். வெல்ஸ் வைல்டர் 1978-ல் அறிமுகப்படுத்தியது இது. 0 முதல் 100 வரை நகரும். 70-க்கு மேல் போனால் அதிகமாக வாங்கப்பட்டுவிட்டது, 30-க்குக் கீழே வந்தால் அதிகமாக விற்கப்பட்டுவிட்டது என்பது பொதுவான கணக்கு.

நிறம்: 70-க்கு மேல் சிவப்பு, 30-க்குக் கீழ் பச்சை, நடுவில் சாம்பல் என்று ஒரே வரியில் நிபந்தனை எழுதலாம். சிவப்பு, பச்சையைப் பிரித்துப் பார்க்கச் சிரமப்படுபவர்கள் நீலம், ஆரஞ்சு என்று மாற்றிக்கொள்ளலாம்.

வடிவம்: ‘பிளாட்’ என்ற கட்டளை கோடு வரையும். கோட்டின் தடிமனையும் அதிலேயே சொல்லிவிடலாம். ‘பிளாட்ஷேப்’ அம்புக்குறி போடும். ‘பிஜிகலர்’ பின்னணிக்கு வண்ணம் அடிக்கும்.

இடம்: ‘ஓவர்லே’ என்பதற்கு ‘ட்ரூ’ கொடுத்தால் விலை சார்ட்டின் மேலேயே வரையும், ‘ஃபால்ஸ்’ கொடுத்தால் தனிக் கட்டத்தில் வரும். மூவிங் ஆவரேஜுக்கு ‘ட்ரூ’ சரி. ஆர்எஸ்ஐக்கு அதைக் கொடுத்தால், 1,500 ரூபாய் பங்கும் 0-100 எண்ணும் ஒரே அளவுகோலில் வந்து, கேண்டில்கள் நசுங்கித் தட்டையாகிவிடும். புதிதாக எழுதுபவர்கள் பலரும் முதலில் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

சிக்கல் எங்கே?

இதுவரை சொன்னது எல்லாம் அலங்காரம். அடுத்து வருவதுதான் பணம் சம்பந்தப்பட்டது: ‘ஆஃப்செட்’. வரைந்ததை இத்தனை கேண்டில் இடது பக்கமோ வலது பக்கமோ தள்ளி வை என்று சொல்லும் எண் அது.

ஒரு கேண்டில் உச்சமா, இல்லையா என்று எப்படித் தெரியும்? அதற்கு முன்னால் 5, பின்னால் 5 கேண்டில்கள் அதைவிடத் தாழ்வாக இருந்தால் உச்சம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால், பின்னால் 5 கேண்டில்கள் முடிந்த பிறகுதான் அது உச்சம் என்பதே தெரியும். 5 நிமிட சார்ட்டில் இது 25 நிமிடம். ஆனால் ஆஃப்செட்டில் மைனஸ் 5 என்று போட்டுவிட்டால், அம்புக்குறி பின்னோக்கிப் போய் உச்சியிலேயே உட்கார்ந்துகொள்ளும். உச்சத்தை அந்த நொடியிலேயே கண்டுபிடித்த மாதிரி தெரியும்!

சார்ட்டைப் படித்துப் புரிந்துகொள்ள இப்படி வரைவதில் தவறில்லை. அதையே ‘இங்கே வித்திருந்தா லாபம்’ என்று காட்டும்போதுதான் ஏமாற்று வேலை ஆகிறது. ஏனென்றால் அந்த விலையில் விற்க உங்களுக்கு வாய்ப்பே இருந்திருக்காது.

இன்னொன்று, ஓடிக்கொண்டிருக்கும் கேண்டில். அது முடியும் வரை ‘குளோஸ்’ என்பது அப்போதைய விலைதான். நடுவில் ஆர்எஸ்ஐ 70-ஐத் தாண்டி சிக்னல் வரும். கேண்டில் முடிவதற்குள் 68-க்கு இறங்கினால் சிக்னல் காணாமல் போய்விடும். பழைய சார்ட்டில் அது வந்துபோன சுவடே இருக்காது. ‘பார்ஸ்டேட் டாட் இஸ்கன்ஃபர்ம்டு’ என்ற நிபந்தனையைச் சேர்த்தால், கேண்டில் முடிந்த பிறகு மட்டும் சிக்னல் வரும். சற்றுத் தாமதம்தான், ஆனால் வந்தது மறையாது.

எப்படிச் சரிபார்ப்பது?

கோடிங் திறந்த நிலையில் இருந்தால் முதலில் ‘ஆஃப்செட்’ என்ற சொல்லைத் தேடுங்கள். மைனஸ் எண் இருந்தால் அதை 0 ஆக்கிப் பாருங்கள். அம்புக்குறிகள் வலது பக்கம் நகர்ந்து, உண்மையில் சிக்னல் கிடைத்த இடத்துக்கு வந்துவிடும். கோடிங் பூட்டப்பட்டிருந்தால் ‘பார் ரீப்ளே’ வசதியில் ஒவ்வொரு கேண்டிலாக ஓட்டுங்கள். அம்புக்குறி எப்போது தோன்றுகிறது, எங்கே தோன்றுகிறது என்று கவனித்தாலே போதும்.

எஃப் அண்ட் ஓ பிரிவில் வர்த்தகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் 2021-22 முதல் 2023-24 வரையிலான 3 நிதியாண்டுகளில் நஷ்டம் அடைந்ததாக செபியின் ஆய்வு சொல்கிறது. சராசரியாக ஒருவருக்குச் சுமார் 2 லட்சம் ரூபாய். இண்டிகேட்டரின் நிறத்தை உங்கள் விருப்பம்போல மாற்றுங்கள். ஆனால் அதை நம்பிப் பணம் போடும் முன், அந்த அம்புக்குறி எந்த நிமிடத்தில் வந்தது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.